நடுவில் வெள்ளை, சுற்றிலும் கருக்கல்: சீராகச் சூடேற்றும் பர்னரைத் தேடிய அனுபவங்கள்

இரண்டு ஆண்டுகளாக ஒரே ஒரு பர்னரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பாத்திரத்தின் அடி முழுவதும் ஒரே மாதிரி சூடேற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இதே முயற்சியில் இறங்கியவர்களும், அடுப்போடு அன்றாடம் பழகுகிறவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எவர்சில்வர் தட்டு ஒன்றை 26 சென்டிமீட்டர் விட்டத்தில் வெட்டி எடுத்தேன். அதன்மேல் சல்லடையால் மாவை மெல்லிய படலமாகத் தூவி, அடுப்பில் வைத்து மூன்று நிமிடம் மிதமான தீயில் விட்டேன். தட்டை இறக்கிப் பார்த்தபோது மாவில் ஒரு மோதிரம் விழுந்திருந்தது. இரண்டு விரல் அகலத்துக்குக் கருகிய பழுப்பு வளையம். அதற்கு உள்ளே கை வைத்த மாதிரி வட்டமாக வெள்ளை மாவு, வெளியே விளிம்புவரை மீண்டும் வெள்ளை. இன்னும் உற்றுப் பார்த்தால், வளையத்தின் ஒரு பாதி மற்றப் பாதியைவிடக் கறுத்திருந்தது. பல வருடங்களாகப் பாத்திரங்கள் ஏன் ஒரே இடத்தில் அடிப்பிடிக்கின்றன என்பதற்கான படம் அந்தத் தட்டில் தெளிவாக இருந்தது.

நடுவில் தீ இல்லை என்பதால் நடுவில் சூடு இல்லை, ஆகவே நடுவிலும் துளை போட்டால் போதும் என்று நினைத்தேன். பர்னரின் பித்தளைத் தலையின் நடுப்பகுதியில் 24 துளைகள் போட்டேன். பற்றவைத்ததும் வெளித் துளைகளில் நீலம், நடுவில் சோம்பலாக ஆடும் மஞ்சள் நாக்குகள். பத்து நிமிடத்தில் தட்டின் அடி நடுவில் கரி படிந்துவிட்டது. மாவுச் சோதனையிலும் நடுப்பகுதி பெரிதாக முன்னேறவில்லை.

காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. சமையல் வாயுவில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. ஜெட்டிலிருந்து, அதாவது வாயு வெளிவரும் சிறு துளையுள்ள பித்தளை முனையிலிருந்து, பீறிடும் வாயு கலவைக் குழாய்க்குள் இழுத்துவரும் காற்று இதில் பாதியளவுதான். மீதிக் காற்றைத் தீ தன்னைச் சுற்றியுள்ள வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். என் பர்னரில் வெளி வளையம் அந்தக் காற்றை முதலில் குடித்துவிட்டது. நான்கு பக்கமும் தீயால் சூழப்பட்ட நடுத் துளைகளுக்கு மிஞ்சியது எரிந்து முடிந்த புகைதான். நான் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

அடுத்து ஜெட்டை மாற்றினேன். 0.7 மில்லிமீட்டரிலிருந்து 0.8. கேட்பதற்குச் சிறிய மாற்றம், ஆனால் பரப்பு 30 சதவீதம் கூடுகிறது. தீ நீண்டது, மாவில் இருந்த மோதிரம் பெரிதானது. நடு அப்படியே வெள்ளை.

இப்போது மூன்றாவது வடிவத்தில் இருக்கிறேன். நடுவில் நான்கு சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு சிறு தலை, அதைச் சுற்றித் தனியாக ஒரு வளையம், ஒவ்வொன்றுக்கும் தனி ஜெட். இரண்டுக்கும் இடையே கீழிருந்து காற்று தடையின்றி ஏறிவர அடித்தட்டையே வெட்டி எடுத்துவிட்டேன். நடுத் தீ முதன்முறையாக நீலமாக எரிந்தபோது விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாவில் இப்போது ஒன்றுக்குப் பதில் இரண்டு மோதிரங்கள். ஒரு பாதி கறுக்கும் குறையும் தீரவில்லை.

ஒரு வார்த்தை: இதையெல்லாம் வீட்டு அடுப்பில் செய்யாதீர்கள். திறந்த கொட்டகையில், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பக்கத்தில் இருக்க, ஒவ்வொரு இணைப்பையும் சோப்பு நுரை தடவிச் சோதித்த பிறகே பற்றவைக்கிறேன்.

*

அடுப்பு பழுது பார்க்கும் ஒருவர்:

25 ஆண்டுகளாக இதே வேலை. புது வடிவம் செய்யும் அறிவு எனக்கு இல்லை, ஆனால் ஏற்கெனவே நன்றாக இருந்த பர்னர் ஏன் கெட்டுப்போகிறது என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது உங்களுக்கு உதவலாம்.

"ஒரு பக்கம்தான் எரிகிறது" என்று வரும் அடுப்புகளில் பாதிக்கு மேல் பர்னர் மூடியைச் சரியாக உட்கார வைக்காததுதான் காரணம். நகக்கண் அளவு தூக்கிக்கொண்டிருந்தாலும் போதும், கலவை அந்த இடுக்கு வழியாகப் போய்விடும். எதிர்ப்பக்கத்துத் தீ குட்டையாகிவிடும். எனவே மாவுச் சோதனை செய்யும் முன் மூடியைக் கால் சுற்று திருப்பி வைத்துப் பாருங்கள். கறுப்புப் பாதியும் கூடவே திரும்பினால் குற்றம் மூடியில். அது இருந்த இடத்திலேயே இருந்தால் குற்றம் கீழே, குழாயிலோ ஜெட்டிலோ.

ஒருமுறை பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து ஓர் அடுப்பு வந்தது. துளைகள் சுத்தம், ஜெட் சுத்தம், தீ மட்டும் மஞ்சள். கலவைக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தேன். உள்ளே குறுக்கே பட்டுத் துணி கட்டியது போல் ஒரு சிலந்தி வலை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அந்த மெல்லிய திரை பாதிக் காற்றைத் தடுத்துவிட்டிருந்தது. ஜெட்டில் ஓடும் வாயுவின் அழுத்தம் சுமார் 30 மில்லிபார்தான். தண்ணீரில் சொன்னால் 30 சென்டிமீட்டர் உயரம். அந்தச் சின்ன பலத்தை வைத்துக்கொண்டு தன்னைப்போல் பன்னிரண்டு, பதினைந்து மடங்கு காற்றை அது இழுக்க வேண்டும். வழியில் ஒரு நூல் இருந்தாலும் அதற்குப் பாரம்தான்.

ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை கோணிவிடும். கோணிய துளையிலிருந்து வாயு சாய்வாகப் பாய்ந்து குழாய்ச் சுவரில் மோதும், இழுக்கும் காற்றும் குறையும். அடுப்பைக் கீழே போட்டவர்கள் கொண்டுவரும் அடுப்புகளிலும் இதே கதைதான்: குழாய் ஒரு பார்வையில், ஜெட் ஒரு பார்வையில்.

இன்னொன்று. எல்லோரும் வெறும் பர்னரை எரியவிட்டுத் தீயைப் பார்க்கிறார்கள். பாத்திரத்தை ஏற்றிய பிறகு தரையில் உட்கார்ந்து பக்கவாட்டில் பாருங்கள். வெறும் பர்னரில் அழகாக நின்ற நீலத் தீ, மேலே பாத்திரம் வந்ததும் மூச்சுத் திணறி மஞ்சளாவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

*

கடைசல் பட்டறை வைத்திருப்பவர்:

ஒரு பாதி கறுக்கிறது என்று சொன்னதும் என் பழைய குழாய் பர்னர் நினைவுக்கு வந்தது. நீளமான தட்டைச் சூடேற்ற 60 சென்டிமீட்டர் குழாயில் வரிசையாக 150 துளைகள், ஒவ்வொன்றும் 1.8 மில்லிமீட்டர். குழாயின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர். பற்றவைத்தால் வாயு நுழையும் பக்கத்தில் தீ உயரமாகவும், கடைசியில் குட்டையாகவும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு. கடைசித் துளைகளில் தீ சீறியது.

முதல் துளைகளைக் கலவை வேகமாகக் கடந்து ஓடிவிடுகிறது. கடைசியில் சுவர் மறிக்க, ஓட்டம் நின்று, அந்த வேகமெல்லாம் அழுத்தமாக மாறுகிறது. அழுத்தம் அதிகமுள்ள இடத்தில் தீயும் உயரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: துளைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 380 சதுர மில்லிமீட்டர், குழாயின் குறுக்குப் பரப்பு 314தான். 32 மில்லிமீட்டர் குழாய்க்கு மாற்றியதும் பரப்பு 800ஐத் தாண்டியது. கலவை உள்ளே நிதானமாக நடக்க இடம் கிடைத்தது, தீ ஒரே மட்டத்தில் நின்றது. துளைகளில் கை வைக்கவே இல்லை.

உங்கள் வட்டத் தலையிலும் கலவை ஒரு பக்கமிருந்துதான் நுழைகிறது. கறுக்கும் பாதி குழாய் நுழையும் இடத்துக்கு எதிர்ப்பக்கமா என்று பாருங்கள். ஆமென்றால் தலையின் உள்ளறையை ஆழப்படுத்துங்கள், அல்லது குழாய் வாய்க்கு நேரே ஒரு சிறு தடுப்புத் தகடு வையுங்கள்.

துளையளவில் பேராசை வேண்டாம். நான் ஒருமுறை 3 மில்லிமீட்டர் துளை போட்டேன். தீயைக் குறைத்ததும் 'டப்' என்ற சத்தம், தீ உள்ளே பாய்ந்து ஜெட் வாயில் எரியத் தொடங்கியது. உடனே வால்வை மூடினேன். புரொப்பேன் காற்றுக் கலவையில் தீ பரவும் வேகம் வினாடிக்கு 40 சென்டிமீட்டர் அளவு. தீயைக் குறைக்கும்போது துளையில் கலவை வரும் வேகம் அதற்குக் கீழே போனால் தீ பின்னோக்கி நடக்கும். துளை சிறிதாக இருந்தால் குளிர்ந்த சுவர் தீயின் சூட்டை உறிஞ்சி அதைத் தடுத்துவிடும். சுமார் 2 மில்லிமீட்டருக்கு உள்ளே இருப்பது நல்லது. 1815இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பிவலை கட்டியதும் இதே அடிப்படையில்தான்.

*

இன்னொரு உறுப்பினர்:

எனக்கு நேர்ந்ததை எச்சரிக்கையாகவே எழுதுகிறேன். தீ வீணாகப் பக்கவாட்டில் போகிறதே என்று பாத்திரத் தாங்கியை 8 மில்லிமீட்டர் தாழ்த்தினேன். தண்ணீர் கொஞ்சம் சீக்கிரம் கொதித்தது, மகிழ்ந்துபோனேன். மூன்றாம் நாள் சமையலறைக்குள் நுழைந்தாலே கண் எரிச்சல், நெடி. அன்று மாலை தலைவலி. இரவல் வாங்கிய எச்சரிக்கைக் கருவி சில நிமிடங்களில் அலறியது.

தீயின் உள்ளே இருக்கும் வெளிர்நீலக் கூம்பு குளிர்ந்த உலோகத்தில் நேரடியாக உரசினால் எரிதல் பாதியில் நின்றுவிடுகிறது. அதில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூடவே பிறந்த மற்றப் பொருள்களின் நெடிதான் என்னை எழுப்பியது. அந்த நெடியை நம்பி யாரும் இருக்க வேண்டாம், கருவி வையுங்கள். சீரான சூட்டுக்காகத் தீயைப் பாத்திரத்துக்கு அருகே கொண்டுபோகிறவர்கள் கூம்பின் நுனிக்கும் பாத்திரத்தின் அடிக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே மேலே போங்கள்.

*

உலோகவியல் படித்தவர்:

பர்னரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. செம்பின் வெப்பக் கடத்துதிறன் (மீட்டர்-கெல்வினுக்கு வாட் கணக்கில்) ஏறத்தாழ 400, தூய அலுமினியத்துக்கு 237, வார்ப்பிரும்புக்கு 50 சுமார், எவர்சில்வருக்கு 15தான். பக்கவாட்டில் சூடு பரவுவதற்குத் தடிமனையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். நான்கு மில்லிமீட்டர் அலுமினிய அடிக்கு ஏறத்தாழ 950 என்றால், ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வருக்கு 15. அறுபது மடங்கு வித்தியாசம். உங்கள் மெல்லிய தட்டில் தீ எங்கே தொடுகிறதோ அங்கேயே சூடு நின்றுவிடும். சோதனைக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும், அது எதையும் மறைக்காது. சமைப்பதற்குத் தடித்த அடியுள்ள பாத்திரம் வையுங்கள், மிச்சமுள்ள மேடுபள்ளத்தை அதுவே நிரவிவிடும்.

பீங்கான் தகட்டு பர்னரையும் ஒருமுறை பயன்படுத்தினேன். ஆயிரக்கணக்கான நுண்துளைகள், தகட்டின் முகம் 900 டிகிரி செல்சியஸ் அளவில் செம்மஞ்சளாகக் கனன்றது. சீர்மை என்றால் அதுதான் சீர்மை. ஆனால் எரிவதற்கு வேண்டிய காற்று முழுவதும் ஜெட்டோடு சேர்ந்தே உள்ளே வர வேண்டும், வெளிக்காற்றை நம்ப முடியாது. ஒருநாள் பாத்திரம் பொங்கி வழிந்தது, துளைகள் அடைத்துப்போயின. அதோடு விட்டுவிட்டேன்.

*

முதலில் எழுதியவன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் செய்துபார்த்தேன்.

மூடியைத் திருப்பினேன், கறுப்புப் பாதி நகரவில்லை. அது குழாய்க்கு எதிர்ப்பக்கம்தான். பட்டறைக்காரர் ஐயா சொன்னபடி வெளி வளையத்தின் உள்ளறையை 6 மில்லிமீட்டர் ஆழப்படுத்தி, குழாய் வாயில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு பொருத்தினேன். முதல் முறையிலேயே இரு பாதியும் ஒரே நிறமாயின. இரண்டு ஆண்டுத் தொல்லை ஒரு மதியத்தில் தீர்ந்தது. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு மோதிரங்களைக் கலைக்க, வெளி வளையத்தின் துளைகளில் ஒன்றுவிட்டு ஒன்றை உட்புறமாகச் சாய்த்துப் புதிய தலை கடைந்தேன். எல்லாவற்றையும் சாய்த்திருந்தால் காற்று வரும் வழி மறுபடி அடைபட்டிருக்கும். சாய்ந்த தீ நாக்குகளுக்கு இடையே ஏறும் காற்றை, ஊதுவத்திப் புகையைப் பிடித்துக் கண்ணால் பார்த்தேன். புகை நேரே நடுத்தலைக்குப் போய்ச் சேர்ந்தது.

வெப்பநிலையையும் அளந்தேன். முதலில் கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தபோது ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள் வந்தன. பளபளக்கும் எவர்சில்வர் அதை ஏமாற்றுகிறது. சூடு தாங்கும் மங்கலான கறுப்பு வண்ணம் பூசிய பிறகே எண்கள் நிலைத்தன. பழைய வடிவில் நடுவில் 140 டிகிரி, வளையத்தில் 255. இப்போது நடுவில் 205, வளையத்தில் 230, விளிம்புக்குச் சற்று உள்ளே 190. தாங்கியைத் தாழ்த்தவில்லை. பாத்திரம் ஏற்றி, தரையில் படுத்துப் பார்த்தேன், தீ நீலமாகவே இருந்தது. எச்சரிக்கைக் கருவி ஒருமுறைகூடச் சத்தமிடவில்லை.

புதிய மாவுத் தட்டில் வளையம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அது மறைந்ததும் இதுவரை கண்ணில் படாத ஒன்று தெரிகிறது: தாங்கியின் நான்கு கால்களும் தொடும் இடத்தில் நான்கு வெளிறிய புள்ளிகள், ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. கனமான கால்கள் தீயை மறைக்கின்றன, சூட்டையும் உறிஞ்சிக்கொள்கின்றன. மெல்லிய கம்பியில் கால்கள் செய்து, தீ நாக்குகளுக்கு நேரே வராமல் இடையில் நிற்கும்படி திருப்பி வைக்கப்போகிறேன். கம்பி வாங்கிவிட்டேன். எடை தாங்குமா என்பதைத் தண்ணீர் நிரப்பிய பெரிய பாத்திரம் ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.