கொட்டகையில் நிற்கும் 1936 மாரிஸ் எயிட் – வாங்கலாமா?

டிரைவர் பேரன், காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் 1936 மாரிஸ் எயிட்ங்கிற இங்கிலாந்து கார் நிக்குது. துணி ஹூட் போட்ட டூரர், கம்பிச் சக்கரம். எங்க தாத்தா அந்த வீட்டு டிரைவர். அவர் ஓட்டின வண்டி அது.

1970கள்ல நிறுத்தினது, அப்புறம் யாரும் தொடல. முன்னாடி ஹாண்டிலைப் போட்டுச் சுத்திப் பார்த்தேன், இன்ஜின் இம்மியும் அசையல. சீட்டுக்கடியில எலிக் குடித்தனம். கதவைத் திறந்தா கீல் கையோட வருது, பாடியைத் தாங்குற மர உள்சட்டத்தைக் கரையான் தின்னுடுச்சு. பின்பக்கம் சேஸில் எதுக்குன்னே தெரியாத நாலு ஓட்டையும் ஒரு இரும்புப் பட்டையும் இருக்கு. ஆர்சி புக்ல பாதிதான் மிச்சம்.

வீட்டு ஐயா மூன்றரை லட்சம் சொல்றார். என் கையில மொத்தமே அஞ்சுதான். ஒரு மெக்கானிக், "மாருதி இன்ஜின் வச்சு ஒரே மாசத்துல ஓட்டிக் காட்டுறேன்"ங்கிறார். முதல் பழைய வண்டி. என்ன செய்யலாம்?

பித்தளை ஹாரன், தேவகோட்டை

தம்பி, மாருதி இன்ஜின் பேச்சை இன்னையோட விட்டுடுங்க. அது வந்தா அப்புறம் அது மாரிஸ் இல்ல, மாரிஸ் சட்டை போட்ட மாருதி.

நான் இதே மாதிரி பழைய இங்கிலாந்து கார், ஆஸ்டின் செவன் ஒண்ணு வாங்கி ஏழு வருஷம் மாரடிச்சவன். வாங்கினது மூணு, ரோட்டுக்கு வந்தப்போ மேல ஒன்பது போயிருந்தது. அதனால அஞ்சுல மூன்றரையைத் தூக்கிக் கொடுக்கிற கணக்கு எனக்குப் பிடிக்கல. கரையானைக் காட்டி விலையைக் குறைங்க.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அந்த வீட்ல எத்தனை புள்ளி, அதாவது பங்கு உள்ள எத்தனை குடும்பம்? கொட்டகை பொதுவுன்னா வண்டியும் பொதுவாத்தான் இருக்கும். ஒருத்தர்கிட்ட பணம் கொடுத்துட்டு லாரி ஏத்துற அன்னைக்குப் பங்காளி ஒருத்தர் வந்து சாவியைப் பிடுங்கினதை நான் கண்ணால பார்த்திருக்கேன். எல்லார் கையெழுத்தும் வாங்குங்க.

இப்ப மரம். நான் செஞ்ச முட்டாள்தனத்தைச் சொல்றேன். ஆர்வக் கோளாறுல ஒரே நாள்ல பாடியைப் பிரிச்சேன். உளுத்த சட்டத்தையெல்லாம் ஒரு மூலையில குவிச்சேன். மறுநாள் காலையில வேலையாள் அதைப் போட்டு வெந்நீர் காய்ச்சிட்டார். நான்தானே சொல்லாம போனேன், அவரை என்ன குத்தம் சொல்ல? கதவுத் தூணோட வளைவுக்கு மாதிரி இல்லாம ரெண்டு வருஷம் போச்சு. உளுத்த மரம்தான் தம்பி உங்க வரைபடம். ஒவ்வொரு துண்டையும் அட்டையில வரைஞ்சு, நம்பர் போட்டு, போட்டோ எடுத்து வைங்க. பாடியைத் தூக்குறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்குக் கம்பி வெல்டு வைங்க. இல்லேன்னா அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது.

இங்கிலாந்துல ஆஷ் மரம் போட்டாங்க. நான் இடிச்ச வீட்டு உத்திரத்துல வந்த பர்மா தேக்கு வாங்கி, வாசக்கால் செய்யிற ஆசாரிகிட்ட கொடுத்தேன். வளைவு வேலைக்கு அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கல. "எத்தனை நூல்?"னு கனத்தை மட்டும் கேட்டார்.

இன்ஜின்: ஹாண்டில்ல பலம் காட்டாதீங்க. பிளக்கைக் கழட்டி டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துறது) பாதிப் பாதி கலந்து நாலு சிலிண்டர்லயும் ஊத்தி, பத்து நாள் விடுங்க. அப்புறம் டாப் கியர்ல போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க. 918 சிசி, சைடு வால்வு (வால்வு சிலிண்டருக்குப் பக்கத்துல இருக்கும்), பேரிங் ஒயிட் மெட்டல், அதாவது உருக்கி ஊத்துற மெதுவான உலோகக் கலவை. புது காருக்குப் பார்க்கிற மெக்கானிக் இதைத் தொட வேண்டாம். ரைஸ் மில் ஆயில் இன்ஜின்ல ஒயிட் மெட்டல் ஊத்தின பெரியவர் எங்கயாவது இருப்பார், தேடுங்க. இதுல வாட்டர் பம்ப் கிடையாது, சூடான தண்ணி தானா மேல ஏறி ரேடியேட்டருக்குப் போகும். நம்ம ஊர் உப்புத் தண்ணி உள்ள படிஞ்சிருந்தா அந்த ஓட்டம் நின்னுடும். பிளாக்கைச் சுரண்டிக் கழுவாம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

பிரேக் லாக்ஹீட் கம்பெனி ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்துல பிடிக்கிறது), அது உங்க அதிர்ஷ்டம். என் ஆஸ்டின்ல கேபிள்தான், நிறுத்தணும்னா ஒரு தெரு முன்னாடியே நினைக்கணும். பிரேக் சிலிண்டருக்கு லேத்துல ஸ்லீவ் (உள்குழாய்) போட்டு, ஹோஸ் அத்தனையும் புதுசா மாத்துங்க. டயர் 4.50-17, காசு பார்க்காம சரியானதை வெளிநாட்லேருந்து வரவழைங்க. பைக் டயர் மாட்டி ஓட்டுறவங்க இருக்காங்க. வளைவுல நான் அவங்க பக்கத்துல போறதில்ல.

பைல் கட்டு

காகித விஷயம். 2021 ஜூலையில வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேலான, வணிகத்துக்கு ஓடாத வண்டியை விண்டேஜ்னு பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். பழைய நம்பரைத் தக்க வைக்க வழி இருக்கு, அதனால எலி மிச்சம் வச்ச ஆர்சியைப் பத்திரப்படுத்துங்க. சேஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருந்தா விண்டேஜ் கிடையாது. மாருதி யோசனை இங்கயும் அடிபடுது. தினசரி ஆபீசுக்கு ஓட்டவும் அனுமதி இல்ல. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான்.

கரிப்புகை

அந்த நாலு ஓட்டையை அடைச்சிடாதீங்க! ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் ரேஷன் வந்தப்ப கார்லயும் பஸ்லயும் கரிவாயு பிளான்ட் (கரியை எரிச்சு வர்ற வாயுவால இன்ஜினை ஓட்டுற கருவி) மாட்டி ஓட்டினாங்க. மதுரை டிவிஎஸ்ஸே அதைத் தயாரிச்சது. பட்டையும் பின்னாடி இருக்குன்னா அதைத் தாங்கினதா இருக்கலாம். பழைய போட்டோ இருக்கான்னு வீட்ல கேளுங்க.

டிரைவர் பேரன் (ஐந்து வாரம் கழித்து)

ஹாரன் அண்ணே, ஏழு புள்ளி! ஐயா அதைச் சொல்லவே இல்ல. ஆறு கையெழுத்து ஆச்சு, ஒருத்தர் பினாங்குல இருக்கார், தபாலுக்குக் காத்திருக்கேன். விலை ரெண்டே காலுக்கு இறங்கிடுச்சு. பள்ளத்தூர் ஆச்சி கையெழுத்துப் போட்டுட்டு, உள்ளே போய் ஒரு ஹெட்லைட் கிண்ணத்தைக் கொண்டு வந்தாங்க. இத்தனை வருஷமா அதுலதான் புளி வச்சிருந்தாங்களாம். போட்டோ கிடைக்கல.

ஐயா அனுமதியோட டீசல் ஊத்தி, பதினோராம் நாள் ஆட்டினோம். கால் சுற்று வந்து நின்னுடுச்சு. இன்னும் ஊத்தவா?

பித்தளை ஹாரன், தேவகோட்டை

ஊத்தினது போதும். இன்ஜின் பக்கவாட்டு மூடியைக் கழட்டிப் பாருங்க, ஏதாவது வால்வு மூடினபடியே இறுகி, மேல ஏறாம நிக்கலாம். சுத்தியலால தட்டாதீங்க, நான் சனிக்கிழமை வர்றேன். அந்தப் புளிக் கிண்ணத்தையும் எடுத்து வைங்க.