பலெர்மோவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? செவ்வந்திப் பூ மட்டும் கொண்டு போகாதீர்கள்

தங்கச்சி, இத்தாலிக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் அக்கம்பக்கத்தில் ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அநேகமாக நீங்கள் முதலில் வணக்கம் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஊரில் கடைக்குப் போனால் நேரே "அரைக் கிலோ சீனி தாங்கோ" என்போம். இங்கே கடை, லிஃப்ட், டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் அறை என எங்கே நுழைந்தாலும், முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்து ஒரு "புவோன்ஜோர்னோ" சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதுவே "புவோனசேரா" ஆகிவிடும், வெயில் கொளுத்திக்கொண்டு இருந்தாலும்.

"சாவ்" என்ற வணக்கம் நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். "தூ" என்றால் நீ, "லேய்" என்றால் நீங்கள். மேல்மாடி அம்மா தானாகவே "தூ என்று சொல்லு" என்னும் வரை லேய்தான். தமிழில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி என் கதை. வந்த புதிதில் பக்கத்து வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு பெரிய கட்டு மஞ்சள் செவ்வந்தி வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! இத்தாலியில் செவ்வந்தி சவக்காலைப் பூ. நவம்பர் 2, இறந்தவர்களின் நாளில் கல்லறைக்குக் கொண்டு போவது. நல்ல காலம், அவர் சிரித்துவிட்டார். அப்புறம் நான் இனிப்புப் பெட்டியோடுதான் போவது. பேக்கரியில் "விருந்துக்குப் போகிறேன்" என்றால் அவர்களே அழகாகக் கட்டித் தருவார்கள்.

"பார்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கோப்பிக் கடை. நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் இருந்தால் அதைவிடக் கூட. கோப்பியோடு ஒரு சின்னக் கிளாஸ் தண்ணீர் வந்தால் அதை முதலில் குடிக்க வேண்டும், பிறகுதான் கோப்பி. வெறும் "லாத்தே" கேட்டால் பால்தான் வரும்.

சாப்பாட்டுக்கும் இங்கே பஞ்சாங்கம் உண்டு. டிசம்பர் 13, சாந்தா லூச்சியா (புனித லூசியா) நாளில் பலெர்மோக்காரர் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646இல் பஞ்சம் வந்தபோது தானியக் கப்பல் ஒன்று கரை சேர்ந்ததாகவும், பசி தாங்காமல் மாவாக அரைக்கக்கூடப் பொறுக்காது அவித்துத் தின்றதாகவும் கதை. அந்த நினைவில்தான் அவித்த கோதுமையில் குச்சீயா செய்கிறார்கள். மற்றபடி அன்று முழுக்க அரான்சீனா, சோற்றை உருட்டிப் பொரித்தது. நமக்கென்றே வைத்த விரதம்! ஒன்றைக் கவனியுங்கள்: பலெர்மோவில் அது பெண்பால், அரான்சீனா. கத்தானியாவில் ஆண்பால், அரான்சீனோ. இதற்காக இரண்டு ஊரும் சண்டை பிடிக்கும், நீங்கள் பலெர்மோப் பக்கம் நில்லுங்கள்.

பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1624இல் கொள்ளைநோய் நகரத்தை அழித்துக்கொண்டிருந்தபோது மொந்தே பெல்லெக்ரினோ மலைக் குகையில் அவருடைய எலும்புகள் கிடைத்தன. அடுத்த வருடம் அவற்றை ஊர்வலமாகக் கொண்டு போனதும் நோய் விட்டதாக நம்பிக்கை. அதனால்தான் ஒவ்வொரு ஜூலை 14 இரவும் தேர் கடல் வரை இறங்குகிறது. நல்லூர்த் தேர் பார்த்த கண்ணுக்கு அந்தச் சனமும் நெரிசலும் புதிதாகத் தெரியாது.

அந்தக் குகைக் கோயிலுக்கு நம் ஆட்கள் சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்காமல் மலையேறிப் போய்க் கும்பிடுகிறார்கள். மலை, குகை, நேர்த்தி என்றால் நமக்குக் கால் தானாகவே நடக்கும் போலிருக்கிறது. பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலி வைத்துத் திருப்பியிருப்பார்கள், நிமிர்ந்து பாருங்கள்.

 

செப்டம்பர் 3 இரவு ஊரே அந்தக் குகைக் கோயிலுக்கு நடந்து மலையேறும். சிலர் வெறுங்காலோடு போவார்கள். நீங்கள் முதல் தடவை வருவதென்றால் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். பாதை கல், அதுவும் பலர் நடந்து நடந்து வழுக்கும்.