நைரோபிக்குக் கைக்குழந்தையுடன் குடும்பத்தை அழைத்து வரலாமா?

புதிதாக வந்தவர்:
வணக்கம். கென்யாவின் தலைநகர் நைரோபியில் கணக்காளராகச் சேர்ந்திருக்கிறேன். மனைவிக்கும் குழந்தைக்கும் பயணச்சீட்டு எடுப்பதா வேண்டாமா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்காவில் நோயையும் கலவரத்தையும் தவிர வேறென்ன இருக்கிறது என்று மாமனார் தடுக்கிறார். 2024 ஜூன் போராட்டக் காட்சிகளைப் பார்த்த பிறகு மனைவியும் தயங்குகிறாள். இந்த நாட்டை நம்பிக் குழந்தையை அழைத்து வரலாமா? தயவுசெய்து விரைந்து பதில் தாருங்கள்.

மொம்பாசாவாசி:
தம்பி, உங்கள் மாமனாரிடம் ஒரே ஒரு கணக்கைச் சொல்லுங்கள். கென்யாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறந்தவர்கள் 2003 கணக்கெடுப்பின்படி 115 பேர். 2022 கணக்கெடுப்பில் அது 41 ஆகக் குறைந்திருக்கிறது. தொடக்கக் கல்வியின் கட்டணம் நீக்கப்பட்டது 2003இல். அப்போது பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் இன்று அலுவலகங்களில் நம்முடன் வேலை செய்கிறார்கள். 2024 போராட்டத்தில் உயிர்கள் பறிபோனதை மறைக்கக் கூடாது. ஆனால், வரியை உயர்த்தும் மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் தெருவுக்கு வந்த பிறகு அதிபர் அதைத் திரும்பப் பெற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆள்பவரைக் கேள்வி கேட்கும் தலைமுறை வளர்ந்திருப்பதே இந்த நாட்டின் மீது எனக்குள்ள பெரிய நம்பிக்கை.

கிசுமு பொறியாளர்:
ஐயா சொல்வதெல்லாம் சரி, ஆனாலும் ஓராண்டு தனியாக இருந்து பாருங்கள் என்றே நான் சொல்வேன். விக்டோரியா ஏரிக்கரைக்கு வந்த புதிதில் மலேரியா என்னைப் படுக்கையில் தள்ளியது. கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடந்தேன். குழந்தைகளுக்கான மலேரியா தடுப்பூசியை 2019 முதல் இந்த வட்டாரத்தில் போட்டு வருகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் என்னால் அந்த மாதங்களை மறக்க முடியவில்லை.

பார்க்லண்ட்ஸ் அக்கா:
கிசுமுவை வைத்து நைரோபியை அளக்காதீர்கள். ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த நகரில் மலேரியா மிகக் குறைவு. இரவில் கம்பளி தேவைப்படும். என்னை வாட்டியது வீட்டு வாடகை முன்பணமும் பள்ளிக் கட்டணமும்தான்.

கிசுமு பொறியாளர்:
மின்தடையை விட்டுவிட்டீர்களே! 2023இல் நாடே இருண்டதை நாம் பார்க்கவில்லையா? சென்னைக்கு நேரடி விமானமும் இல்லை, மும்பையில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது.

மொம்பாசாவாசி:
மின்தடை உண்டுதான். ஆனால் இந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஓல்கரியா என்ற இடத்தில் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் நிலவெப்பம், நீர், காற்று, சூரியன் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. பல பணக்கார நாடுகளே இன்னும் அந்த அளவை எட்டவில்லை.

பார்க்லண்ட்ஸ் அக்கா:
வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, நாம் குறைகளைப் பேசிக்கொண்டிருக்கிறோம். தம்பி, குழந்தையின் வயதை நீங்கள் சொல்லவே இல்லை. உங்களுக்கு வேலை அனுமதி கிடைத்துவிட்டதா?

புதிதாக வந்தவர்:
மன்னிக்கவும் அக்கா. குழந்தைக்கு ஏழு மாதம். அனுமதி சென்ற வாரம் கிடைத்தது.

பார்க்லண்ட்ஸ் அக்கா:
அப்படியானால் வரச் சொல்லுங்கள், ஆனால் மூன்று மாதம் கழித்து. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பொதுவாக அந்த ஊசியைப் போடுவதில்லை, போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். சென்னை கிண்டியில் தடுப்பூசி போடும் கிங் நிலையத்தில் தாயும் பிள்ளையும் ஒன்றாகவே போட்டுக்கொள்ளலாம். பயணத் தேதியைத் தள்ளிவைக்கும்படி அலுவலகத்தில் இன்றே எழுத்தில் கேளுங்கள். இடைப்பட்ட காலத்தில் இருவருக்கும் டிபென்டன்ட் பாஸுக்கு, அதாவது வேலை செய்பவரின் குடும்பத்தார் இங்கே தங்குவதற்கான அனுமதிக்கு, விண்ணப்பித்துவிடுங்கள். திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் கைவசம் இருக்கட்டும். கடவுச்சீட்டைக் காட்டி சிம் வாங்கி, கைபேசியில் பணம் அனுப்பும் சேவையான எம்-பெசாவையும் பதிவு செய்துகொள்ளுங்கள். 2007இல் தொடங்கிய அந்தச் சேவை இல்லாமல் இங்கே காய்கறிகூட வாங்குவது கடினம். வீட்டை மட்டும் மனைவி வந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.