உரையிலிருந்து ஆன்டாலஜி எடுக்கும் கருவிகள்: உங்களுக்கு எப்படி வேலை செய்தது?

தரமணிவாசி:
பயிர்ப் பூச்சிகளைப் பற்றிய தமிழ்த் துண்டுப் பிரசுரங்களிலிருந்து ஆன்டாலஜி கட்டுவது இப்போது எங்கள் வேலை. எது பயிர், எது பூச்சி, எது எதைத் தாக்கும், எதைத் தெளிக்கலாம் என்பதையெல்லாம் கணினிக்குப் புரியும்படி கோத்துத் தர வேண்டும். டெக்ஸ்ட்-டூ-ஆன்டோவை முயன்றிருப்பீர்கள். 2005-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயிலிருந்து வந்த அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது.

அதனால் அது பயன்படுத்தும் உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டோம். கணினி மொழியியல் ஆய்வாளர் மார்ட்டி ஹெர்ஸ்ட் 1992-ல் சொன்னதுதான்: வாக்கிய அமைப்பை வைத்தே எது எதன் வகை என்று பிடிப்பது. "புகையான், தண்டுத்துளைப்பான் போன்ற பூச்சிகள்" என்று வந்தால், முன்னால் நிற்பவை பின்னால் வருவதன் வகைகள். போன்ற, முதலிய, உள்ளிட்ட என மூன்றுக்கும் விதி எழுதியதும் பட்டியல் மளமளவென்று வந்தது. மாவுப்பூச்சிப் பக்கம் வரும்வரை! "பஞ்சு போன்ற படலம்" என்ற வரியைப் பார்த்துவிட்டு, பஞ்சு ஒரு வகைப் படலம் என்று எழுதிவைத்தது. உவமைக்கும் அதே சொல்தானே. இப்போது முன்னால் இரண்டு பெயராவது இருந்து, பின்னால் வருவது பன்மையாகவும் இருந்தால்தான் எடுத்துக்கொள்கிறோம். "உள்ளிட்ட" இந்தத் தொல்லை தருவதில்லை.

இன்னொன்று, வேற்றுமை உருபுகளை முதலில் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூச்சியை, பூச்சியால், பூச்சிக்கு என்று எண்ணிக்கை சிதறிப்போகும்.

அம்பத்தூர் ஃபிட்டர்:
எங்களுடையவை ஆங்கில பம்ப் மேனுவல்கள் என்பதால் டெக்ஸ்ட்-டூ-ஆன்டோவையே ஓட்டினேன். ஓட வைப்பதுதான் பெரும்பாடு சார். உரையைப் பகுக்கும் கேட் (GATE) மென்பொருளின் பழைய தொகுப்பு வேண்டும், வேர்ட்நெட் என்ற ஆங்கிலச் சொற்களஞ்சியம் வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்டிருந்த எச்சரிக்கை வாசகம் பட்டியலில் உச்சிக்குப் போய் உட்கார்ந்தது. பிடிஎஃபில் தலைப்புவரி, அடிவரியை வெட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சொற்களை நன்றாகவே பொறுக்குகிறது, உறவுகள் சுமார்தான். ஒவ்வொரு முடிவுக்கும் நம்பக மதிப்பு ஒன்றைத் தருவது எனக்குப் பிடித்தது. அதை வரிசைப்படுத்தி, மேலிருந்து சீனியர் மெக்கானிக்கிடம் காட்டுவேன்.

மயிலை_மது:
நான் சாட்ஜிபிடி போன்ற ஏஐ மொழி மாதிரியிடம் கேட்டு வாங்கினேன். வேகம்தான், ஆனால் ஒரு பகுதியில் 'அ' என்பது 'ஆ'-வின் வகை என்று சொல்லும், அடுத்த பகுதியில் தலைகீழாகச் சொல்லும். ஆன்டாலஜியைத் திருத்தும் ப்ரொட்டெஜே மென்பொருளில் ஏற்றி, தர்க்கப் பிழை பார்க்கும் ரீசனரை ஓட்டினால் அது முறையிடாது. இரண்டும் ஒன்றே என்று சமமாக்கிவிடும். இன்னின்ன இரண்டும் ஒன்றோடொன்று கலக்காதவை என்று நாமே எழுதிவைத்தால்தான் சிவப்பில் காட்டும்.

தரமணிவாசி:
நல்ல யோசனை மது. பயிரையும் பூச்சியையும் அப்படிப் பிரித்துவிடலாம். பூஞ்சைக்கு மட்டும் வழி தெரியவில்லை. குலைநோயைத் தருவதும் பூஞ்சைதான், நோய்க்கு எதிராக நாம் பரிந்துரைக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடியும் பூஞ்சைதான்.