வீட்டில் பிரித்துப் பூட்டிய ஏர் ரைபிள்: கொக்கி சரியாக விழவில்லை, புகையும் வருகிறது

பாளையங்கோட்டை அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் யாரோ சொல்லக் கேட்டு, துப்பாக்கி சுடும் போட்டியில் சேர வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மைத்துனர் வீட்டுப் பரணில் 12 வருடமாகக் கிடந்த, குழலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஒன்று கைக்கு வந்தது. 4.5 மி.மீ. குழல், துரு அதிகமில்லை.

பட்டறை வேலை எனக்குப் புதிதல்ல, பம்ப் செட் மெக்கானிக்தான் நான். நானே பிரித்தேன். பிஸ்டன் முனையிலிருந்த தோல் வாஷர் காய்ந்து கருவாடாக இருந்தது. பம்ப் கடையில் அதே அளவில் ஒரு தோல் வாஷர் வாங்கி, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு மாட்டினேன். ஸ்பிரிங்கும் புதிது. உள்ளே எல்லா இடத்திலும் தாராளமாக எண்ணெய் விட்டேன்.

இப்போது மூன்று கோளாறு. சுட்டதும் பட்டாசு போல் சத்தம், குழலில் நீலப்புகை, கருகிய வாடை. இரண்டாவது, குழலை மடக்கினால், பிஸ்டனைப் பின்னால் பிடித்து நிறுத்த வேண்டிய கொக்கி நாலு தடவைக்கு ஒரு தடவை விழுவதில்லை. விழுந்தாலும் பழைய ‘டக்’ சத்தம் இல்லை. மூன்றாவது, 10 மீட்டரில் குண்டுகள் ஒரு தேங்காய்ச் சிரட்டை அகலத்துக்குச் சிதறுகின்றன. வாழைத்தோப்பில் இரண்டடி கனத்துக்கு மணல் மூட்டை அடுக்கி, அதன் முன்னால்தான் இலக்கு வைத்திருக்கிறேன். சுடும்போது துப்பாக்கியையும் ஒரு மணல் மூட்டை மேல்தான் வைக்கிறேன். இந்த நிலையில் பிள்ளை கையில் கொடுக்க மனம் வரவில்லை. எங்கே தவறு செய்தேன்?

அம்பாசமுத்திரம் லேத் பட்டறை எழுதியது:

அண்ணாச்சி, முதலில் கொக்கி விஷயம். அது சரியாகும் வரை சுடவே வேண்டாம். குழல் மடங்கியிருக்கும்போது கொக்கி நழுவினால் குழல் அடித்துக்கொண்டு மேலே வரும், குண்டு வைக்கிற விரல் போய்விடும். குண்டு போடும்போது மற்றக் கையால் குழலை இறுகப் பிடித்தே இருக்க வேண்டும். கொக்கி நன்றாக இருக்கிற துப்பாக்கிக்கும் இதே பழக்கம்தான்.

ஸ்பிரிங்கை வெளியே எடுத்துச் சுற்றுகளை எண்ணுங்கள். கம்பியின் கனத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், முழுதும் அமுங்கிய ஸ்பிரிங்கின் நீளம் வரும். பிஸ்டன் கொக்கிக்குப் போய்ச் சேரும்போது உள்ளே மிஞ்சுகிற இடம் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றோடு சுற்று முட்டி நின்றுவிடும், கொக்கி விளிம்பை மட்டும்தான் பிடிக்கும். பழைய ஸ்பிரிங் இருந்தால் அதையும் அளந்து சொல்லுங்கள். பிரிக்கும்போது கிளாம்ப் போட்டு மெல்லத் தளர்த்துங்கள், ஸ்பிரிங் அழுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

புகைக்குக் காரணம் எண்ணெய். பிஸ்டன் முன்னால் பாயும்போது காற்று சட்டென்று இறுகிச் சூடாகிறது, அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. டீசல் இன்ஜின் ஓடுவதும் இப்படித்தான். ஒரு குண்டு வேகமாகவும் அடுத்தது மெதுவாகவும் போவதற்கு இது போதும். காற்று அறையை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் பக்கவாட்டுக்கும் மாலிப்டினம் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். வாஷருக்கு முன்னால் ஒரு துளிகூட வேண்டாம். தோல் வாஷர் உறிஞ்சிய எண்ணெய் முதல் இருபது முப்பது குண்டு வரை கொஞ்சம் புகையும், அது தானாக அடங்கும்.

பவர் கூடட்டும் என்று நீள ஸ்பிரிங் போட்டிருந்தால் அந்த எண்ணமே வேண்டாம். அரை கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் போனாலே அதன் சக்தி 10 ஜூல். உரிமம் வேண்டாத ஏர் ரைபிளுக்கு 20 ஜூல்தான் வரம்பு. இலக்கை அடிக்க அவ்வளவும் தேவையில்லை.

தென்காசி அம்மா எழுதியது:

என் மகன் மூன்று வருடமாகப் போட்டிக்குப் போகிறான். சிதறலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஸ்பிரிங் துப்பாக்கி பிஸ்டன் பாயும்போது பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னால் இழுக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். மணல் மூட்டை மேல் அழுத்தி வைத்தால் துள்ளி எங்கேயோ போகும். உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளையும் பாருங்கள், அவை தளர்வது வழக்கம். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று வீசினால் தோப்பில் சுடாதீர்கள், துப்பாக்கி மேல் சந்தேகம்தான் மிஞ்சும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள் அண்ணே. 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி என்பது 0.5 மி.மீ. பொட்டு. அங்கே எல்லோரும் அடைத்த காற்றில் சுடும் ரைபிள்தான் வைத்திருக்கிறார்கள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் இந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். உங்கள் துப்பாக்கி நிற்கவும் மூச்சு விடவும் விசையை மெல்ல இழுக்கவும் கற்றுக்கொடுக்கும், அதற்கு அது போதும். பிறகு பிள்ளையை ஒரு கிளப்பில் சேர்த்துவிடுங்கள்.

பாளையங்கோட்டை அப்பா எழுதியது:

அளந்து பார்த்தேன். புது ஸ்பிரிங்கில் 3 மி.மீ. கம்பி, 35 சுற்று, ஆக 105. உள்ளே கிடைக்கிற இடம் 106. பழையதில் 33 சுற்றுதான், 99. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் எப்படி விழும்! கடைக்காரர் வேறு மாடலுக்கானதைக் கொடுத்திருக்கிறார், நானும் எண்ணிப் பார்க்கவில்லை. 33 சுற்று ஸ்பிரிங் வாங்கி மாட்டினேன். அந்த ‘டக்’ சத்தம் திரும்பி வந்துவிட்டது, ஐம்பது தடவையில் ஒரு தடவைகூட நழுவவில்லை.

எண்ணெயை முழுதும் துடைத்தேன். இருபத்தைந்தாவது குண்டோடு புகை நின்றது. திருகு இரண்டு தளர்ந்துதான் இருந்தன. நேற்று சாயங்காலம் காற்றில்லாத நேரத்தில், மகள் உள்ளங்கையில் தாங்கிச் சுட்டாள். பத்தில் எட்டு குண்டு ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு சந்தேகம் பாக்கி. கொக்கியின் விளிம்பு லேசாக மழுங்கியது போல் இருக்கிறது. அரம் போட்டுச் சீராக்கலாமா?

அம்பாசமுத்திரம் லேத் பட்டறை எழுதியது:

அரம் வேண்டாம் அண்ணாச்சி. அந்த விளிம்புக்கு மேல்தோல் மட்டும்தான் கடினம், ராவிவிட்டால் உள்ளே மிருதுவான இரும்பு வெளிப்பட்டு நாலே வாரத்தில் தேய்ந்துவிடும். கொக்கியையே மாற்றுங்கள். மகளிடம் மறுபடி கொடுக்கும் முன் அதை முடித்துவிடுங்கள்.