போயா நாளில் ஊருக்குள் போத்தல் விற்பனை: முறைப்பாட்டை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

படுவான்கரை அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நான் படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதினால் நான் யாரென்று உடனே பிடித்துவிடுவார்கள், அதனால் எழுதவில்லை. எங்கள் மாதர் சங்கத்துக்கு ஆறு வருடமாக நான்தான் செயலாளர்.

எங்கள் ஊரில் சாராயக்கடை கிடையாது. கிட்டின கடைக்கு மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம் போக வேண்டும். ஆனால் போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, முதல் நாள் பின்னேரம் ஒரு ஓட்டோ வரும். பின் சீட்டில் இரண்டு உரப்பை, மேலே ஒரு படங்கு. அடுத்த நாள் நாடு முழுக்கக் கடை பூட்டு, எங்கள் ஊரில் ஒரு வீட்டின் பின்படலை மட்டும் திறந்திருக்கும். கால் போத்தலுக்குக் கடை விலையை விட முந்நூறு நானூறு கூட வைத்து விற்கிறார்கள். வெட்டுக் காலத்தில் கையில் காசில்லாதவர்களுக்கு நெல்லுக்கும் கொடுக்கிறார்கள். சாக்கோடு நெல்லைத் தூக்கிக்கொண்டு அந்தப் படலைக்குள் போன ஒரு ஆளை நானே கண்டேன். அவருடைய மனைவி எங்கள் சங்கத்தில் எடுத்த கடன் இன்னும் பாதி நிற்கிறது.

இரண்டு போயாவுக்கு முன் விடியக் கோயில் கூட்டப் போனேன். கிணற்றடியில் பதினொரு கால் போத்தல் கிடந்தது. பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், மதிலோடு ஒரு பிள்ளை குந்தியிருந்து சத்தி எடுக்கிறான். என் மகனோடு பத்தாம் ஆண்டு படிக்கிறவன். தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவிவிட்டேன். "அன்ரி, அம்மாட்டச் சொல்லிப்போடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கை ஐஸ் மாதிரி இருந்தது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்று கடைகளில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பின்படலையில் யார் வயது கேட்கிறார்கள்?

ஒரு அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை "சரி, பார்க்கிறோம்" என்றார்கள், யாரும் வரவில்லை. இரண்டாம் முறை வந்தார்கள். ஆனால் அவர்கள் வரும்போது அந்த வீட்டு முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்கிறது, கிழவி ஒருவர் கொச்சிக்காய் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே மூடி உடைத்த போத்தல் ஒன்று மட்டும் இருந்ததாம், "சொந்தப் பாவனைக்கு" என்றார்களாம். அன்று பொழுதுபட அந்த வீட்டுக்காரர் என் வேலிக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா, போனில நிறையக் காசு போட்டு வச்சிருக்கீங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு நான் கண் மூடவில்லை.

ஊரில் யாரையும் குடிக்காதே என்று சொல்ல நான் புறப்படவில்லை. நாட்டுக்கு இருக்கிற சட்டம் எங்கள் ஒழுங்கைக்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் பெயர் வெளியே போகாமல் முறைப்பாடு கொடுக்க வழி உண்டா? சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுத்தால் எடுபடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்றவன், கல்முனைப் பக்கம்:

தங்கச்சி, மதுவரித் துறையில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அனுமதிப்பத்திரம் இல்லாத வீட்டில் விற்பது போயாவில் மட்டுமல்ல, எந்த நாளும் குற்றம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. பொலிசாரும் அதன் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். வயது குறைந்தவருக்கு விற்பதற்கு 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தனியாக உண்டு, அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

உடைத்த போத்தல் ஒன்று வீட்டில் இருந்தால் அது வழக்காகாது. விற்றதைக் காட்ட வேண்டும். வாங்குகிற ஆள் மாதிரி ஒருவரை அனுப்பி, காசு கை மாறும்போது பிடித்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். அதனால் "விற்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்புக்குள் போய்விடும். எந்தப் படலை, எத்தனை மணி, சரக்கு எங்கே ஒளிக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதைவிட, அந்த ஓட்டோ. அனுமதியில்லாமல் ஒருவர் கொண்டுபோகக்கூடிய அளவுக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. வீட்டில் தேடுவதை விட வழியில் மறிப்பது எவ்வளவோ சுலபம்.

கிட்டடியில் போன் எடுத்தால் கதை கசியும் என்று பயமிருந்தால் 1913க்கு எடுங்கள், அது மதுவரித் திணைக்களத்தின் இலக்கம். அந்தப் பதினொரு போத்தலையும் எறிந்துவிடாதீர்கள். வரி கட்டியதற்கான ஸ்டிக்கர் இருக்கிறவற்றைக் கிழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கர் போலியென்றால் அது இன்னொரு வழக்கு.

செங்கலடித் தம்பி:

அக்கா, நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் போத்தலை மட்டும் பிடித்தால் அந்த ஆட்கள் கசிப்புக்கு, களவாகக் காய்ச்சுகிற சாராயத்துக்குப் போவார்கள். 2022க்குப் பிறகு விலை ஏறிய ஏற்றத்தில் எங்கள் பக்கத்துக் கூலிக்காரர்களுக்கு அரைப் போத்தல் கூட வாங்க முடியாது. 2025 ஜனவரியில் வரி இன்னும் 5.9 சதவீதம் கூடியது. வாவிக்கரைக் கண்டலுக்குள் கசிப்புக் காய்ச்சுவதற்குப் பரல் பரலாகக் கோடா ஊறுகிறது. என் மாமாவை அதில்தான் இழந்தோம், நாற்பத்தாறு வயது. கடிதம் எழுதுவதென்றால் கசிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.

திருக்கோவில் ரீச்சர்:

தங்கச்சி, உங்கள் கடிதத்துக்கு ஒரு துணைக் கடிதம் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள்வி கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும்.

நான் எங்கள் ரியூசன் வகுப்புக்குக் கிட்ட இருந்த கடையைப் பற்றிக் கேட்டேன். எடுத்துச் செல்ல மட்டும் அனுமதி உள்ள கடை, ஆனால் பின்பக்கம் வாங்கு போட்டுக் குடிப்பார்கள். கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். நாள் கடந்தும் பதில் வரவில்லை. மேன்முறையீட்டுக் கடிதம் போட்ட பிறகு வந்தது. பதில் வந்த கிழமையே வாங்கும் போய்விட்டது.

நீங்கள் இதைக் கேளுங்கள்: கடந்த 12 மாதத்தில் உங்கள் பிரதேச செயலகப் பிரிவிலிருந்து அனுமதியற்ற விற்பனை பற்றி எத்தனை முறைப்பாடு வந்தது, எந்தெந்தத் திகதியில், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தார்கள். நீங்கள் போன் எடுத்த இரண்டு நாளும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் முறைப்பாட்டை அவர்கள் எழுதவே இல்லை. 2024இல் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட மதுக்கடை அனுமதிப்பத்திரம் கொடுத்த பட்டியல் அந்த டிசம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்தபோதுதானே நமக்கெல்லாம் தெரிந்தது.

போத்தல் எடுத்து வருகிற கடை எதுவென்று உறுதியாகத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிக்கிறது, அதற்கு முதலே ஆட்சேபக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

படுவான்கரை அக்கா:

அண்ணன், ரீச்சர், தம்பி, மூவருக்கும் நன்றி. தம்பி, மாமாவின் கதை மனதை வருத்தியது. கசிப்பையும் எழுதினோம். குளக்கட்டுக்கு அங்கால் புகை வருகிற இடம் எங்கள் பெண்களுக்கு நன்றாகத் தெரியும், விறகுக்குப் போகிறவர்கள் அவர்கள்தானே.

நேற்றுக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்தேன். தனியாக என் பெயர் போட வேண்டாம் என்று முதலில் சொன்னது, நெல் கொடுத்த அந்த ஆளின் மனைவிதான். அவர் முதலாவதாகக் கையெழுத்து வைத்தார், மறுகா இருபத்திரண்டு பேர் வைத்தார்கள். பதிவுத் தபாலில் மேலிடத்துக்கு ஒன்று, கிட்டடி அலுவலகத்துக்கு ஒன்று அனுப்பிவிட்டேன். தகவல் கேட்கும் கடிதம் வேறாகப் போயிருக்கிறது. மூன்று தபால் துண்டும் சங்கக் கணக்குக் கொப்பிக்குள் ஒட்டியிருக்கிறது.

போயாவுக்கு இன்னும் ஒன்பது நாள். முதல் நாள் பின்னேரம் ஓட்டோ சந்தியில் திரும்பும்போது 1913க்கு எடுப்பதற்கு, சந்திக் கடையில் இருக்கிற ஒரு பிள்ளை ஒத்துக்கொண்டிருக்கிறாள். நடந்ததை வந்து எழுதுகிறேன்.