மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வருடத்துக்கு ஒரே ஒரு நிலக்காட்சிப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டுவது என் வழக்கம். இந்த வருடம் எடுத்ததை மூன்றாகக் குறைத்துவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

முதலாவது கொழுக்குமலை. சூரியநெல்லியிலிருந்து இருட்டில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போய், மேகத்துக்கு மேல் சூரியன் எழும்பும்போது எடுத்தது. வீட்டில் எல்லாருடைய ஓட்டும் இதற்குத்தான். ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் நின்ற நாற்பது பேரிடமும் இதே படம் இருக்குமே!

இரண்டாவது தனுஷ்கோடி, 1964 புயலில் இடிந்த தேவாலயம். உச்சி வெயிலில் வானம் வெளுத்துவிட்டது. கருப்பு வெள்ளையாக்கினால் தேறும்.

மூன்றாவதுதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பிச்சாவரம், துடுப்புப் படகு, லேசான தூறல். அலையாத்தி வேர்கள் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு, ஒற்றைக் காலைத் தூக்கியபடி. படகு ஆடியதில் அதன் அலகு கொஞ்சம் கலங்கியிருக்கிறது. ஓரத்தில் துடுப்பு வேறு நுழைந்துவிட்டதால் வெட்டியும் ஆயிற்று. 6000 பிக்சல் அகலத்தில் 4200தான் மிச்சம். 24 அங்குலத்துக்குப் போட்டால் அங்குலத்துக்கு 175 பிக்சல்தான் வரும்.

ஆறடி தள்ளி நின்று பார்க்க இது போதுமா? பளபளப்பில்லாத மேட் காகிதமா, கேன்வாஸ் துணியா? கேன்வாஸின் சொரசொரப்பில் அந்த அலகு தப்பிக்குமா? பெரிதாகப் பிரிண்ட் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இல்லை, பேசாமல் கொழுக்குமலையையே மாட்டிவிடட்டுமா?